ஃபேன் நிறுத்திய ஞாயிற்றுக்கிழமைகள்

“காது எல்லாருக்குந்தான் இருக்கு. கேக்கத் தெரியறதுங்கறது வேற. அதெல்லாம் பொறந்த ஆத்துலேர்ந்து வரணும்மா.”

என்னிடம் இப்படிச் சொன்னவரின் பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை. ஆனாலும் சொல்லப்போவதில்லை. கோபாலபுரத்திலிருந்து வருகிறவர் என்பதால், மயிலாப்பூரில் நான் போய்வந்த ஒரு வீட்டில் எல்லோரும் அவரைக் கோபாலபுரம் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருவரைப் பெயர் சொல்லாமல் அழைப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது.

போன வாரம் அசோக் நகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு நல்ல தரத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. இதுதான் இப்போது என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் அடைந்துகிடக்கும் வேண்டாத சமாச்சாரங்களையெல்லாம் எடுத்து, யு.எஸ்.பி. வழியாக ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒயர் இழுத்து, பதிவில் இருப்பது கூடாமல் குறையாமல் வெளியே வருகிறதா என்று பார்த்துக் கொடுப்பது. எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பில் அம்மா இதைச் ‘சவுண்டு வேலை’ என்று சொல்லிவைத்திருக்கிறாள். அதனால் ஆடி மாதம் வந்தால் யாராவது கதவைத் தட்டி, “கூழ் ஊத்தறோம், நாலு குழா ஸ்பீக்கர் கட்டணும், நம்ம ஏரியா பொண்ணு, பாத்து செய்யி” என்பார்கள். அது என் வேலை இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். படித்த திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டு படியிறங்குவார்கள். படித்த திமிர் எனக்கு உண்டுதான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா மீன்பாடி வண்டி மிதித்தவர், பெருவிரலை உருட்டித்தான் கையெழுத்து. அம்மாவுக்கு பஸ் நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. திமிர் இல்லாமல் எப்படி இருக்கும்?

அசோக் நகருக்கு வருகிறேன். எல்லாம் மாட்டி முடித்து முதல் பாட்டைப் போடப் போகும்போது வீட்டுக்காரர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “பாத்திரத்த அப்புறம் தேச்சுக்கலாம்மா, கொஞ்ச நேரம் சத்தம் வேணாம்” என்றார். உள்ளே குழாய் நின்றது. ஒரு கரண்டி விழுந்தது. விழுந்த வேகத்தில் அதை யாரோ கையால் அமுக்கிப் பிடித்ததும் கேட்டது. ஃபேன் இறக்கைகள் சுழன்று ஓய்வதற்கு ஆகும் அந்த அரை நிமிஷத்தில் நான் மயிலாப்பூருக்குப் போய்விட்டேன். விரும்பிப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. என் அம்மா கஸ்தூரி அங்கே பதினாலு வருஷம் பாத்திரம் தேய்த்தாள், பெருக்கினாள், துணி துவைத்தாள். அடையாற்றங்கரையில் எங்கள் குடிசை இருந்தவரை நடந்தே போவாள். வெள்ளம் வந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, இரண்டு பஸ் மாறிப் போனாள். வீட்டுக்காரரை நாங்கள் சார் என்போம், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மாமி. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது அவர்கள் இரண்டு பேரும், ஒரு கூடம் நிறையக் கச்சேரியும்.

கச்சேரி என்றால் கடையில் வாங்கியது இல்லை. சாரின் அண்ணன் அந்தக் காலத்தில் ஒரு பெரிய ஸ்பூல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடு, நவராத்திரி வீடு என்று யார் எங்கே பாடினாலும் போய்ப் பதிவு செய்தாராம். வேறு எவரிடமும் இல்லாத பதிவுகள். அண்ணன் போன பிறகு சார் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை சி.டி.க்களாக மாற்றினார். டேப்புகளில் பூசணம் பிடித்து, அவற்றைத் தூக்கிப் போட்டாயிற்று. சி.டி.க்கள் கூடத்து அலமாரியில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் சாரின் பொடிப்பொடிக் கையெழுத்தில் ஒரு ராகத்தின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் மூன்று நண்பர்கள் வருவார்கள். ஒரு மணி நேரம் கேட்பார்கள். ஒரு மணி நேரமும் வீட்டில் வேறு சத்தம் இருக்கக் கூடாது. சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார், அம்மா அணைத்துக்கொண்டே போவாள். ஃபேன். ஃப்ரிட்ஜ். தண்ணீர் மோட்டார். கடைசியில், “கஸ்தூரி, போறும்” என்பார். கடைசியாக அணைக்கப்படுவது என் அம்மா. சோப்பு நுரையோடு பாதி தேய்த்த பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டு, பின்முற்றத்தில் துணி துவைக்கிற கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்வாள். அடுத்த வீட்டுக்கு அவள் போக வேண்டிய நேரம் தாண்டிவிடும். அங்கே போனால், “இன்னா கஸ்தூரி, மைலாப்பூர்காரங்க உட்டாதான் வருவியா?” என்று ஒரு பாட்டு காத்திருக்கும். அந்தப் பாட்டுக்கு ஃபேனை நிறுத்தத் தேவையில்லை.

சித்திரை மாதத்தில் ஃபேன் இல்லாத கூடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு பெரிய மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு உருகிக்கொண்டிருப்பார்கள். ராகத்துக்கு உருகுவது எவ்வளவு, வெயிலுக்கு உருகுவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோபாலபுரம் ஒருமுறை செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டார், தாள் சரசரத்தது, சார் ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு அவர் மேல்துண்டால் விசிறிக்கொண்டார். வியர்வையும் விபூதியும் ஃபில்டர் காபியும் கலந்த ஒரு வாசனை. எங்கேயாவது அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் முதுகு நிமிர்ந்துவிடும்.

நான் அந்த வீட்டுக்குள் போனதே ஒரு ‘டிங்’கால்தான். சி.டி. பிளேயர் பழுதாகி, சார் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார். மகன் அனுப்பிய பெரிய ஸ்பீக்கர்களை அதில் மாட்டியிருந்தார். ஒரு ஞாயிறு ஆலாபனை உச்சத்தில் நிற்கும்போது, அமெரிக்காவிலிருந்து ஒரு மெயில் வந்து அந்த ஸ்பீக்கரிலேயே ‘டிங்’ என்று அடித்தது. கோபாலபுரம் துள்ளியதில் டவராக் காபி முழுவதும் வேட்டியில். சார் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றில் போடப் போவதாகச் சொன்னபோது அம்மா வாசற்படியில் நின்று சொல்லியிருக்கிறாள்: “எம் பொண்ணு டி. நகர்ல கம்ப்யூட்டரு கடைல வேல பாத்துக்கினு கீது ஐயா. இட்டாந்து காட்டட்டுமா?”

நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டு, தி. நகரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடையில் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப்தான் என் உலகம். அதில் பாட்டு கேட்டுக் கேட்டு, ஏன் இது இப்படி மந்தமாக இருக்கிறது என்று கேள்வி வந்து, இரவல் இணையத்தில் படித்துப் படித்துத்தான் சிலது கற்றிருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். சி.டி.யில் ஒரு பாட்டு நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துளியாக இருக்கிறது. கம்ப்யூட்டர் ‘டிங்’கையும் பாட்டையும் விளம்பரத்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்க வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் தனக்கு வசதியான வேறு அளவுக்கு மாற்றிவிடுகிறது. மாற்றும்போது கொஞ்சம் சிந்துகிறது. பாட்டுக்கு மட்டும் தனி வழி விடு, வேறு யாரையும் உள்ளே விடாதே என்று அதனிடம் சொல்ல முடியும். அதற்கு ஒரு நல்ல பிளேயரும், துளிகளை மின் அலையாக மாற்றுகிற ஒரு வெளிப்பெட்டியும் போதும்.

இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். சார் தன் அண்ணனின் பதிவு ஒன்றைப் போட்டார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அண்ணாவோட தொண்டைடீ அது! மைக்குக்குப் பின்னாடி ஒக்காந்துண்டு செருமறான் பாரு!” என்று மாமியைப் பார்த்துக் கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் காதில் விழாத செருமல். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

மாமி காபி கொடுத்தாள். அந்த வீட்டில் நண்பர்களுக்கு டவரா டம்ளர். அம்மாவுக்குப் பின்பக்கத்து ஜன்னல் மேடையில் கவிழ்த்துவைத்த ஒரு தனி எவர்சில்வர் டம்ளர். நான் இரண்டிலும் சேராதவள். மாமி கொஞ்சம் யோசித்தது எனக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்குள் கடையிலிருந்து ஒரு கட்டு பேப்பர் கப் வந்துவிட்டது. என் படிப்புக்குக் கிடைத்தது பேப்பர் கப்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் நானே போக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரின் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து, கேட்கிற பாட்டை எடுத்துப் போடுவது. அம்மா பின்னால் கல்லின் மேல், நான் முன்னால் முக்காலியில், நடுவில் நான்கு நாற்காலிகள். ஸ்பீக்கர்கள் நின்ற சுவரில் ஒரு ஜன்னல் பின்முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அதன் வழியாக அம்மாவின் தோளும் கொண்டையும் தெரியும். அசையாமல் இருக்கும். களைப்பு, தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

கோபாலபுரத்துக்கு என்னைக் கண்டால் ஆகவில்லை. அவர்தான் அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர் என்று பெயர். ஒருநாள் அலமாரியைக் காட்டிச் சொன்னார்: “எதுக்கு ஓய் இத்தனை தட்டு? எடத்த அடச்சுண்டு. எங்கிட்ட குடும். எல்லாத்தையும் ஹை ரெசல்யூஷன்ல மாத்தி ஒரே டிஸ்க்ல போட்டுத் தரேன். தட்டெல்லாம் இன்னும் நாலு வருஷத்துல வீணாப் போயிடும்.” எடுத்துப் போனார். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒரு கடையில் கொடுத்து மாற்றி, உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய சி.டி.யில் ஒரு பாட்டு எவ்வளவு இடம் பிடித்ததோ அதைப் போல மூன்று மடங்கு இதில் பிடித்தது. “சைஸப் பாத்தேளா? அத்தனையும் சங்கீதம்!” பாட்டைப் போட்டதும் வெளிப்பெட்டியில் நீல விளக்கு எரிந்து தொண்ணூற்றாறு என்று எண் காட்டியது, அதாவது நொடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் துளி. நான்கு பேரும் அந்த விளக்கைப் பார்த்து ஆஹா என்றார்கள்.

நானும்தான் பார்த்தேன். நானும்தான் ஆஹா என்றேன். அங்கேயே, அப்போதே, ஒரு சி.டி.யை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியவள் நான். எண் பெரிதாக இருந்தால் விஷயமும் பெரிது என்று நம்புகிற மதிப்பெண் புத்தி. அந்த வாரமே சி.டி.க்களை மூன்று பைகளில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனது அம்மா.

ஒரு மாதம் கழித்து, பெரும்பாக்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று கேட்டாள்.

“இன்னாடி, இப்பல்லாம் மழையே பெய்யறதில்ல?”

“இன்னா மழ?”

“ஐயா வூட்டுப் பாட்டுலதான். முன்ன பாட்டு ஆரமிக்கசொல்லவே சன்னமா மழ பெய்யும்ல, ஓட்டு மேல பெய்யற மாரி? அந்தம்மா மூச்சு இழுக்கசொல்ல அது மட்டும் தனியா கேக்கும். இப்ப பாட்டு நின்னா ஒண்ணியும் இல்ல. ஊமையா கீது. அந்த ஜால்ரா சத்தமும் தண்ணில முக்கி எடுத்த மாரி கீது.”

நான் சிரித்துவிட்டேன். அது மழை இல்லை, பழைய டேப்பின் இரைச்சல் என்றேன். அத்தனை வருஷமும் அம்மா அந்தக் கச்சேரிகள் எல்லாம் மழை நாளில் நடந்தவை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். “நான் இன்னாத்த கண்டேன். மழைல ஒக்காந்து பாடறாங்களே பாவம்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள். அவள் விரல்களில் பாத்திர சோப்பின் எலுமிச்சை வாசனை அடித்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தவள், சோழிங்கநல்லூர் தாண்டுவதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு பாட்டை மட்டும் பென் டிரைவில் எடுத்துவந்து என் லேப்டாப்பில் போட்டேன். சத்தத்தைப் படமாக வரைந்து காட்டுகிற மென்பொருள் உண்டு. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. டேப் பதிவு என்றால் இரைச்சல் ஒரு பனிமூட்டம் போல மேலே வரைக்கும் பரவியிருக்க வேண்டும். இதில் ஒரு உயரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. அளவுகோல் வைத்துக் கத்தியால் அறுத்த மாதிரி கறுப்பு. இதற்கு ஒரே அர்த்தம்தான். மாற்றிய கடைக்காரன் இடம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் முதலில் சின்ன எம்.பி.3 ஆகப் பிழிந்திருக்கிறான். இரைச்சலை எடுக்கிறேன் என்று தேய்த்தும் இருக்கிறான். பிறகு ‘ஹை ரெசல்யூஷன்’ கேட்கிறாரே என்று அந்தச் சக்கையையே ஊதிப் பெரிய ஃபைலாக்கிக் கொடுத்துவிட்டான். மூன்று மடங்கு இடத்தில் இருந்தது காற்று. சாரின் அண்ணன் சேர்த்தது எடைக்குப் போய்விட்டது.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கறுப்பு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். “இங்கதான் மழ இருந்துச்சா?” என்றாள். பிறகு, “சொல்லாதடி” என்றாள்.

“ஏன்மா?”

“சொன்னா இன்னா ஆவும்? தட்டு திரும்பி வந்துடுமா? நாந்தான தூக்கிகினு போயி எடைக்குப் போட்டேன். கெழவரு மனசு ஒடஞ்சிடும். எம் பேரும் கெடும். வாய வச்சிக்கினு கம்முனு இரு.”

நான் கம்மென்றுதான் இருந்தேன். சத்தியமாக இரண்டு வாரம் இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு. ஃபேன் நின்றுவிட்டது. அம்மா பின்னால் போய்விட்டாள். பாட்டு முடிந்ததும் கோபாலபுரம் கண்ணைத் திறந்து, “பாத்தேளா, என்ன சுத்தம்! இரைச்சல்னு ஒண்ணு உண்டோ? இதுதான் டிஜிட்டல்!” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “என்னம்மா கம்ப்யூட்டர், வித்யாசம் தெரியறதோ?” என்றார். “தெரியுது சார். முன்னாடி இருந்ததுதான் நல்லா இருந்துச்சு” என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்போதுதான் அவர், நான் முதலில் எழுதியிருக்கிறேனே, அதைச் சொன்னார். காது எல்லாருக்குந்தான் இருக்கு. பொறந்த ஆத்துலேர்ந்து வரணும்மா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் லேப்டாப்பைத் திறந்து, படத்தை எடுத்து, சாரின் மடியில் வைத்தேன். எம்.பி.3, ஊதிய ஃபைல், அறுந்த கோடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியில் கோபாலபுரத்தைப் பார்த்து இதையும் சொன்னேன்: “இத நான் கண்டுபுடிக்கல சார். எங்க அம்மாதான் கண்டுபுடிச்சாங்க. பின்னாடி கல்லு மேல உக்காந்து கேட்டே சொல்லிட்டாங்க. நான் சும்மா படம் போட்டுப் பாத்தேன், அவ்ளோதான்.”

சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு காலியான அலமாரியைப் பார்த்தார். அவர் கேட்பார், எந்தக் கடை, எப்போது மாற்றினார்கள், சி.டி.க்கள் எங்கே போயிருக்கும் என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“கஸ்தூரி கேட்டுண்டிருக்காளா?”

மாமி சமையலறைப் பக்கமிருந்து, “சும்மா ஒக்காந்துண்டிருக்கான்னுன்னா நெனச்சேன் நான்” என்றாள்.

கோபாலபுரத்துக்கு உயிர் வந்தது. “அப்போ ஓய், அடுத்த வாரத்துலேர்ந்து கஸ்தூரிய நடுநாற்காலில ஒக்காத்தி வெச்சுட்டு நாம நாலு பேரும் பாத்திரம் தேய்க்கலாம்!” இந்தமுறை சிரிப்பு பெரிதாக இருந்தது. சார் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை.

அம்மா வந்து வாசற்படியில் நின்றாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அய்ய, இல்லிங்க ஐயா. எனக்கு இன்னா தெரியும்? அது சின்னப் பொண்ணு, ஒளறுது. நான் தூங்கிக்கினு இருந்தேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது, கோபாலபுரத்தால் அல்ல. அம்மா என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். பஸ்ஸில் தனி இருக்கையில் உட்கார்ந்தேன். அவளும் கூப்பிடவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை மாமி அம்மாவிடம் சொன்னாள்: “நாளைலேர்ந்து வேண்டாம் கஸ்தூரி. பிள்ளை மிஷின் வாங்கிக் குடுத்துட்டான். பாத்திரம் தேய்க்கறது. சத்தமே வரலை பாரு.” கோபமாகச் சொல்லவில்லையாம். ஒரு பழைய பட்டுப்புடவையும் கொடுத்தார்களாம். ஜன்னல் மேடையில் இருந்த டம்ளரையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்களாம். டம்ளரைப் பையிலிருந்து எடுத்து எங்கள் அலமாரியில் வைத்துக்கொண்டே அம்மா, “சத்தமே வராதாமே?” என்று என்னிடம் கேட்டாள். மிஷின்களைப் பற்றிக் கேட்க அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? “ஆமா, கொஞ்சமாத்தான் வரும்” என்றேன்.

இதைப் பல வருஷமாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் என் முக்காலி மட்டும் போயிருக்கும். அம்மாவுக்குச் சேர வேண்டிய பெயரை அவளுக்கு வாங்கித் தரத்தான் அவளைச் சொன்னேன் என்று முதல் இரண்டு வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்வதில்லை. எனக்குக் கோபாலபுரத்தின் வாயை அடைக்க வேண்டியிருந்தது. கையில் கிடைத்தது அம்மா. எடுத்து வீசினேன். அவள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஒரு மணி நேரம் அது. ஏழு நாளில் அவள் உட்கார்ந்தது அந்த ஒரு மணி நேரம்தான். நாலு பேர் வியர்த்துக்கொண்டு சம்பாதித்த அமைதியை, சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து அவளும் அனுபவித்தாள். யாரும் அவளைக் கணக்கில் எடுக்காததால்தான் அது அவளிடம் இருந்தது. நான் போய் ஊருக்குச் சொன்னேன்.

அந்த வீடு இப்போது இல்லை. நாலு மாடி நிற்கிறது, கீழே கார் நிறுத்துகிறார்கள். சாரும் மாமியும் மகனிடம் போய்விட்டார்கள் என்று பக்கத்துப் பூக்கடைக்காரி சொன்னாள். கோபாலபுரத்தின் டிஸ்க் மட்டும் பிரதிக்குப் பிரதி எடுத்து நகரம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் போகிற வீடுகளில் சிலர் அதை எடுத்துக் காட்டுவார்கள். “ரேர் கலெக்‌ஷன்மா, எங்கயும் கெடைக்காது.” போட்டுக் காட்டுவேன். நீல விளக்கு எரியும். நான் எதுவும் சொல்வதில்லை. ஒயரைச் சரியாகச் செருகிவிட்டு வந்துவிடுகிறேன். அம்மா சொன்ன புத்தியைத் தேவை இல்லாத இடத்தில் நன்றாகக் கடைப்பிடிக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் மாட்டியிருக்கிறேன். மூன்றாவது மாடி, ஒரே அறை. பழைய ஸ்பீக்கர்கள், சின்னப் பெட்டி, அதே இலவச லேப்டாப். கீழே கிரிக்கெட், பக்கத்தில் சீரியல், எதிரில் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். ஃபேன் ஓடும். அதற்கு நடுவிலும் நன்றாகவே இருக்கும், நம்புங்கள். அம்மாவுக்காக இரைச்சல் உள்ள பழைய பதிவுகளாகத் தேடிப் பிடித்துப் போடுவேன். “நல்லாருக்காமா?” “நல்லாருக்கு.” ஒருநாள் வேண்டுமென்றே நல்ல பிரதியையும் கெட்ட பிரதியையும் அடுத்தடுத்துப் போட்டேன். கெட்டதில், துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை ஒரு நொடி நின்றது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பார்த்தேன். “எதுமா நல்லாருக்கு?” என்றேன்.

“ரெண்டுமே நல்லாதான் கீது.”

“பொய் சொல்ற.”

“ஒனக்கு இன்னா. நீ கேட்டுட்டுப் போயி எங்கனா சொல்லிடுவ” என்று சொல்லிவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மயிலாப்பூர் வீடு போனதற்கோ, நாற்காலிகள் போனதற்கோ, அந்தக் கச்சேரிகள் போனதற்கோகூட நான் அழுததில்லை. காதில் விழுந்ததை அம்மா என்னிடம் சொல்வது நின்றுவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்னாடி அது என்று தொடங்குவாளே, அது போய்விட்டது.

இப்போது அவள் அடையாறில் இரண்டு வீடுகளுக்குப் போகிறாள். நிறுத்து என்றால் நிறுத்த மாட்டாள். “நான் இன்னா கையில்லாதவளா?” என்பாள். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருவதால் பாத்திரம் மலையாகக் குவியும். காலையில் போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். அசோக் நகரில் ஃபேன் நின்றதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு, உட்கார அவளுக்கு இப்போது அந்த ஒரு மணி நேரமும் இல்லை.

நேற்று மாலை வேலை முடிந்ததும் நேராக அடையாறில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போனேன். அழைப்பு மணியை அடித்து, நான் கஸ்தூரியின் பெண் என்று சொன்னேன். இனி ஞாயிற்றுக்கிழமை அம்மா வர மாட்டாங்க என்றேன். அந்த வீட்டு அம்மாளுக்குப் புரியவில்லை. “ஏன், ஒடம்பு சரியில்லயா?”

“நல்லாத்தான் இருக்காங்க.”

“காலைலகூட வந்தாளே, ஒண்ணும் சொல்லலியே?”

“நான் சொல்றேன்ல” என்றேன்.

சரி பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினார்கள். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். டிராஃபிக் என்றேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.